வலது முன்சக்கரம்

ரூஃபீனோவின் வண்டி ஸ்டாண்டுக்குள் வருவதைத் தெரிந்துகொள்ள யாரும் தலை தூக்கிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பிரேக்கில் கால் வைத்தான் என்றால் கரகரவென்று ஒரு சத்தம் பல்லைக் கூசவைக்கும், தெருமுனை வரை கேட்கும். வாசலில் சூடாகச் சோளக்கஞ்சி விற்கிற பெண், மாவு மில் வந்துவிட்டது, அரைக்கிறவர்கள் மூட்டையோடு வரலாம் என்று கூவுவாள். மற்ற டிரைவர்கள் சிரிப்பார்கள். ரூஃபீனோவும் சேர்ந்து சிரித்துவிட்டு, வண்டிக்குள் தனியாக இருக்கும்போது ஸ்டீயரிங்கைக் குத்துவான்.

பதினோரு வருஷமாக அவன் மலைநகரமான லா பாஸிலிருந்து கொரொய்க்கோவுக்கு மினிபஸ்ஸில் ஆள் ஏற்றிப் போகிறவன். பனி கிடக்கும் கணவாய் வரைக்கும் ஏற்றம். அதற்கப்புறம் காப்பியும் வாழையும் விளைகிற ஊர் வரைக்கும் ஒரே இறக்கம். அந்த வழியில் ஓட்டுகிறவனுக்கு எஞ்சின் எல்லாம் அப்புறம்தான். எஞ்சின் நின்றால் வண்டி நிற்கும், அவ்வளவுதானே. பிரேக் பிடிக்காவிட்டால் எதுவும் நிற்காது.

ஸ்டாண்டைக் கவனிக்கும் நிக்காசியோ, அரைக்கிற வண்டியைக் கணவாய்க்கு அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டார். இரண்டு முறை ரூஃபீனோவின் முறை வந்தும் அவன் போகவில்லை. மூன்றாவது முறையும் தவறினால் இடம் அடுத்தவனுக்குப் போய்விடும், அது சங்கத்தின் சட்டம். மூன்றாவது முறை இன்று, புதன்கிழமை, மதியம் இரண்டு மணி.

சங்கத்தையாவது கெஞ்சிக் கூத்தாடிச் சமாளிக்கலாம். மனைவி காசில்தாவை யார் சமாளிப்பது? ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவளுடைய தம்பி ஆப்தோன் அதே இறக்கத்தில், மூடுபனியில், வலது பக்கமாக வண்டியோடு போய்விட்டான். அன்றிலிருந்து அவள் அந்த ரோட்டில் கால் வைத்ததில்லை. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பூமித்தாய்க்கு வண்டியில் பீர் ஊற்றிப் படைப்பதை மட்டும் ஒரு தடவைகூட விட்டதில்லை. அவ்வளவு ஒழுங்காகப் படைத்தும் வண்டி அரைக்கிறது என்றால் அது பிரேக் இல்லை, பூமித்தாய் பேசுகிறாள், போகாதே என்கிறாள் என்பது அவள் கட்சி. ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டில், அவளுடைய அக்காவின் முன்னால், ரூஃபீனோ ரோஷத்தில் வாயை விட்டுவிட்டான். புதன்கிழமை இரண்டு மணிக்குள் சத்தம் போகவில்லை என்றால் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு எல் ஆல்தோவில் அக்காவின் நூடுல்ஸ் கடையில் வந்து உட்கார்கிறேன் என்றான். அக்கா உடனே, கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி காலியாகத்தான் இருக்கிறது என்றாள்.

ஆகவே எர்மீனியாவின் பட்டறைக்கு அவன் காலை ஒன்பது மணிக்குப் போனபோது காசில்தாவும் கூடவே வந்தாள். உதவி செய்ய வரவில்லை. வாக்கு வாக்காக இருக்கிறதா என்று பார்க்க வந்தாள்.

எர்மீனியாவின் பட்டறை என்று சொல்வது கொஞ்சம் அதிகப்படி. செங்குத்தான தெருவின் நடுவில் ஒரு தகரக் கூரை, ஒரு மேஜை, சுவரில் ஓர் ஆணி. வேலை தொடங்கும்போது தொப்பியைக் கழற்றி அந்த ஆணியில் மாட்டுவாள். ஐந்தடுக்குப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேலே பழைய ஓவராலை மாட்டுவாள். நாற்பது வயதுக்காரி, கன்னக் கொடுப்புக்குள் எப்போதும் மெல்லுகிற கொக்கா இலை. ரூஃபீனோ இதற்கு முன் அவளிடம் வந்ததில்லை. ஒரு பெண்பிள்ளையிடம் பிரேக்கைக் காட்டினால் ஸ்டாண்டில் தலைகாட்ட முடியாது என்று நினைத்திருந்தான். அவனுடைய வழக்கமான மெக்கானிக் ரெம்பெர்த்தோ இரண்டு தடவை பார்த்து, பிரேக் பேடு பாதிக்கு மேல் தேயாமல் இருக்கிறது, சத்தம் தூசியால் வருவது என்று சொல்லி அனுப்பிய பிறகு, தலைகாட்டுவதற்கு அங்கே தலையும் மிச்சமில்லை.

வண்டியை ஜாக்கியில் ஏற்றுவாள் என்று பார்த்தான். அவள் ஏற்றவில்லை. பிரேக் பிடித்தால் மட்டும் அரைக்கிறதா, சும்மா உருளும்போதுமா என்று கேட்டாள். முதலில் பிரேக் பிடித்தால் மட்டும், இப்போது சில சமயம் உருளும்போதும் என்றான். காலையில் முதல் பிரேக்கிலா, சூடான பிறகா? சூடான பிறகுதான் அதிகம். பெடல் உதறுகிறதா? லேசாக. வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதா? அதை அவன் யோசித்தே பார்த்ததில்லை. யோசித்ததும், கொஞ்ச நாளாகவே ஸ்டீயரிங்கைத் தன்னையறியாமல் ஒரு பக்கம் பிடித்து ஓட்டுகிறோம் என்பது தெரிந்தது. பதினோரு வருஷ டிரைவருக்கு அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

தெருவுக்கு மேலே ஒரு சந்து உண்டு. ஒரு பக்கம் பள்ளிக்கூடத்தின் நீண்ட மதில், மறுபக்கம் வெட்டவெளி. எர்மீனியா அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடிகளை இறக்கச் சொல்லி, மதில் வலது கைப்பக்கம் இருக்கும்படி மெதுவாக ஓட்டி பிரேக் பிடிக்கச் சொன்னாள். சத்தம் மதிலில் மோதிக் காதில் வந்து அறைந்தது. வண்டியைத் திருப்பி, மதில் இடது பக்கம் இருக்கும்படி அதே வேகத்தில் வரச் சொன்னாள். இப்போது சத்தம் பாதிகூட இல்லை. வலது என்றாள். இவ்வளவுதானா என்று ரூஃபீனோவுக்கு ஆச்சரியமாக இருந்தது. தினமும் அந்த மதிலை ஒட்டித்தான் அவன் வீட்டுக்குப் போகிறான்.

இறங்கியதும் ஒரு குவளைத் தண்ணீரில் விரலை நனைத்து நான்கு சக்கரத்தின் நடுவிலும் சொட்டுவிட்டாள். மூன்றில் தண்ணீர் சும்மா வழிந்தது. வலது முன்சக்கரத்தில் சுர்ரென்று ஆவியாகிப் போனது.

"பிரேக்க விட்டப்புறமும் இது மட்டும் புடிச்சிக்கிட்டே இருக்கு. நீ கால எடுத்தாலும் அது எடுக்கல" என்றாள்.

பிறகுதான் ஜாக்கி வந்தது. சக்கரத்தைக் கழற்றினாள். வெளிப்பக்கப் பேடு நன்றாகத்தான் இருந்தது, ரெம்பெர்த்தோ சொன்னது பொய் இல்லை. பேடுகள் அழுத்திப் பிடிக்கிற இரும்புத் தட்டு, அந்த டிஸ்கின் வெளிமுகம் முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. பட்டறை ஓரத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்த காசில்தா எட்டிப் பார்த்துவிட்டு, அதில் ஒன்றுமே இல்லையே, நான்தான் சொன்னேனே என்றாள். ரூஃபீனோவுக்கு நூடுல்ஸ் வாசனையே மூக்கில் அடித்துவிட்டது.

"இது ஊருக்குக் காட்டுற மூஞ்சி. பின்னால விரல விட்டுப் பாரு அண்ணே, மெதுவா, அறுத்துடும்."

விட்டான். உட்பக்கத்தில் பேடே இல்லை. வெறும் இரும்புத் தகடு டிஸ்கை உழுதிருந்தது. விரல் நுனியில் பள்ளம் பள்ளமாகத் தட்டுப்பட்டது. இதை வைத்துக்கொண்டு போன வாரம் பதினோரு பேரோடு கணவாயிலிருந்து இறங்கினோம் என்று நினைத்ததும் விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி கைக்குழந்தைக்காரி.

பேடுகளை இரண்டு பக்கமும் கவ்வி நிற்கிற காலிப்பரை எர்மீனியா கையில் பிடித்து ஆட்டிக் காட்டினாள். பிஸ்டன் உட்பேடை மட்டும்தான் தள்ளும். அது டிஸ்கில் முட்டியதும், காலிப்பர் முழுவதும் விரல் நீள இரும்புப் பின்கள் இரண்டின் மேல் வழுக்கி வந்து வெளிப்பேடை இழுத்து அழுத்த வேண்டும். அதில் ஒரு பின் நகர மறுத்தால் முழுப் பாரமும் உட்பேடின் தலையில், வெளிப்பேடுக்கு ஓய்வு. அவள் இதைச் சொன்ன விதத்தில் எங்கும் பெரிய மனுஷத்தனம் இல்லை. கூட்டுக் குடும்பத்தில் யார் வேலை செய்கிறார்கள், யார் படுத்திருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்வதுபோலச் சொன்னாள். ரூஃபீனோவுக்குப் பெடலுக்குக் கீழே என்ன நடக்கிறது என்பது அன்றுதான் முதன்முதலாகப் புரிந்தது.

கீழ்ப் பின் கைக்கு அசைந்தது. மேல் பின் அசையவில்லை. எண்ணெய் விட்டுக் காத்திருந்து, சுத்தியலால் சுற்றிலும் மெல்லத் தட்டி, திருகித் திருகி, கால் மணி நேரத்துக்கு மேல் அதோடு பேசிக்கொண்டிருந்தாள். அவசரப்படவே இல்லை. ஒரு தடவைகூட ஓங்கி அடிக்கவில்லை. இரண்டு மணியை நினைத்து ரூஃபீனோதான் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான். கடைசியில் பின் வெளியே வந்தது. அதை மூடியிருக்க வேண்டிய ரப்பர் உறை கிழிந்திருந்தது. பின் முழுக்கப் பழுப்பாக, வெல்லப்பாகு காய்ந்தமாதிரி ஏதோ அப்பியிருந்தது. எர்மீனியா அதை மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு ஊசிமுனையால் அந்தப் பாகிலிருந்து எதையோ கிளறி எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். ரோஸ் நிறத்தில் சின்னஞ்சிறு வட்டக் காகிதம். படைக்கும்போது வண்டியின் மேல் தூவுகிற வண்ணக் காகிதத் துணுக்கு.

ரூஃபீனோ குனிந்து முகர்ந்தான். பீர். புளித்துக் காய்ந்த பீர்.

அவனுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. எல்லோரும் நான்கு சக்கரத்துக்கும் ஆளுக்கொரு வாய் தெளிப்பார்கள். காசில்தா அப்படியில்லை. தம்பி விழுந்த பக்கம் என்று வலது முன்சக்கரத்துக்கு மட்டும் தனியாக ஒரு பாட்டில், மாதம் தவறாமல், ஐந்து வருஷம். அவனை எது காப்பாற்ற வேண்டும் என்று அவள் ஊற்றினாளோ அதுவே பின்னை இறுக்கிப் பிடித்திருக்கிறது. இதை அவள் தெரிந்துகொண்டால் தாங்க மாட்டாள். நூடுல்ஸ் கடையே தேவலை என்றுகூட அந்த நேரத்தில் அவனுக்குத் தோன்றியது.

"யார் ஊத்துறது உங்க வீட்டுல?" என்று கேட்டாள் எர்மீனியா.

"நான்தான் மேஸ்திரியம்மா."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "ஆம்பள ஊத்துனா பாதிய அவனே குடிச்சிட்டு மீதியத்தான் சக்கரத்துக்குக் குடுப்பான். இதுக்குள்ள இருக்கறது முழு பாட்டிலு."

தெருவில் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் நின்று சிரித்தார்கள். ரூஃபீனோ, தான் குடிக்காதவன் என்று ஏதோ உளறினான். அது அவன் வாழ்க்கையிலேயே சொன்ன மட்டமான பொய்களில் ஒன்று. முக்காலி நகரும் சத்தம் கேட்டது. காசில்தா எழுந்து வந்து, பின்னைத் தன் கையில் வாங்கி, அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பொய் சொல்றான். ஊத்துனது நான்."

சிரித்தவர்கள் நடையைக் கட்டினார்கள்.

"ஆப்தோன் போன பக்கம்னு ஊத்துனேன். இவனாவது திரும்பி வரணும்னு ஊத்துனேன். அப்ப நானே இவன..." பின்னை எர்மீனியாவிடமே திருப்பி நீட்டினாள்.

ரூஃபீனோ அவளைத் தொடப் போனான். எர்மீனியா கொடுப்பிலிருந்த இலையை மறுபக்கம் ஒதுக்கிக்கொண்டாள். அவள் ஆறுதல் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. அவளை அவன் அப்புறம் வாழ்நாள் முழுக்க மதித்தது மதிலாலோ தண்ணீர்ச் சொட்டாலோ அல்ல, அடுத்து அவள் பேசிய பேச்சினால்தான்.

"இத்தன வருஷத்துல இவ்ளோ பாசமா நாசமாக்குன பின்ன நான் பாத்ததில்ல. கேட்டுக்க காசில்தா. பூமித்தாய் கீழ இருக்கா. காலிப்பருக்குள்ள இல்ல. ஊத்தறத சக்கரத்துக்கு முன்னால, தரையில ஊத்து. அவ குடிச்சிக்குவா. இரும்புக்குத் தாகம் கெடையாது."

டிஸ்கைக் கழற்றிக்கொண்டே, "ரப்பர் கிழிஞ்சிருக்குன்னு பாக்காதது ரெம்பெர்த்தோ தப்பு. வண்டி இழுக்குதுன்னு தெரியாதது இவன் தப்பு. உன் பங்கு மூணுல ஒண்ணு. அதுக்கு வேல செய். இந்த டிஸ்க லேத்துக்கு எடுத்துட்டுப் போ" என்றாள்.

லேத்துப் பட்டறை நான்கு தெரு மேலே, எல்லாம் ஏற்றம். டிஸ்க் இன்னும் ஒரு கடைசல் தாங்கும், இரண்டு முகத்தையும் சமமாகச் சீவித் தரச் சொல் என்று எர்மீனியா சொல்லி அனுப்பினாள். காசில்தா கோடு போட்ட சுமைத்துணியை விரித்து, டிஸ்கை நடுவில் வைத்து முடிந்து, பிள்ளையைக் கட்டுவது போல முதுகில் கட்டிக்கொண்டு போனாள். மணி பதினொன்றரை.

ரூஃபீனோவுக்கு மனசுக்குள் ஓர் அற்பப் பயம் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவள் மெதுவாக வந்தால் போதும். ஏற்றத்தில் மூச்சு வாங்கியது, லேத்தில் கூட்டம் என்று ஒரு சாக்கு. இரண்டு மணி தாண்டிவிடும், புருஷன் வீட்டோடு வந்துவிடுவான். இரண்டு தடவை தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

அதற்குள் எர்மீனியா பின்னை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துக் கண்ணாடி போலாக்கினாள். அது போகிற துளையையும் கம்பியில் துணி சுற்றித் துடைத்தாள். வெள்ளைத் துணியில் கறை ஒட்டாத வரைக்கும் விடவில்லை. பிரேக்குக்கென்றே உள்ள கிரீஸை, சோற்றுக்கு நெய் விடுவதுபோல அளவாகத் தடவி, புது ரப்பர் உறை போட்டாள். பின்னைச் செருகி ஒற்றை விரலால் தள்ளினாள். போனது, வந்தது. ரூஃபீனோவையும் தள்ளிப் பார்க்கச் சொன்னாள். அவன் நான்கைந்து தடவை தள்ளிப் பார்த்தான், விட மனசில்லை. இடது சக்கரத்தையும் பிரித்து அதே வேலையைச் செய்தாள். அங்கே கெட்டுப்போனது ஒன்றும் இல்லையே என்று அவன் கேட்டதற்கு, ஒரு காலுக்கு மட்டும் புதுச் செருப்பு போட்டு நடப்பாயா என்றாள். இரண்டு பக்கமும் புதுப் பேடு.

பன்னிரண்டே முக்காலுக்குத் தெருவின் மேலே காசில்தா தெரிந்தாள். ஓடி வந்தாள். அந்த உயரத்தில், அந்த இறக்கத்தில், முதுகில் டிஸ்கோடு, ஒரு கையால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். வந்ததும் மூச்சிரைக்க முதலில் கேட்டது மணி என்ன என்றுதான். ரூஃபீனோ தலையைக் குனிந்துகொண்டான். தான் நினைத்த நினைப்புக்கு அவனுக்கு அவமானமாக இருந்தது.

டிஸ்க், காலிப்பர், சக்கரம் எல்லாம் ஏறின. எர்மீனியா வண்டியில் ஏறி, சாவியைத் தொடுவதற்கு முன் பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்தாள். முதலில் தொளதொளவென்று போன பெடல் பிறகு கல்லாக நின்றது. இதை மறந்து வண்டியை எடுத்து நேரே சுவரில் போய் முட்டிய மெக்கானிக்குகளின் கதை அந்தத் தெருவில் நிறைய உண்டு. அப்புறம் அவளே மேலும் கீழுமாக ஓட்டி, வேகம் பிடித்துப் பிடித்து மெதுவாக நிறுத்தி, பத்துப் பன்னிரண்டு தடவை பேடுகளைப் பழக்கினாள். சந்தில் மதிலை ஒட்டியும் ஒரு தடவை வந்தாள். எஞ்சினைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. மறுபடி தண்ணீர் சொட்டினாள். நான்கு சக்கரத்திலும் ஒரே மாதிரி வழிந்தது. மணி ஒன்றரை ஆகிவிட்டது.

ரூஃபீனோ தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாரானான். எர்மீனியா இன்னும் முடியவில்லை என்றாள். ஒரு சாக்குக்கட்டியை எடுத்துத் தெருவின் அடியில், இறக்கம் முடிகிற இடத்தில், குறுக்கே ஒரு கோடு போட்டாள். கோட்டுக்கு இரண்டு எட்டு தள்ளி, நடுத்தெருவில் போய் நின்றுகொண்டு, மேலே போய்த் திரும்பி நேரே தன்னைப் பார்த்து வரச் சொன்னாள்.

அவனுக்குப் புரியவில்லை. புரிந்ததும் முடியாது என்றான்.

"நான் போட்ட பிரேக்குக்கு முன்னால நான் நிக்கலன்னா, நீ எந்த தைரியத்துல ஆளுங்கள ஏத்துவ? வா அண்ணே. கோட்டத் தாண்டாத, அவ்ளோதான்."

சுற்றுப்பட்டுக் கடைக்காரர்கள் யாரும் தடுக்கவில்லை. காய்கறிக்காரி தன் கூடையை மட்டும் ஓரமாக இழுத்துக்கொண்டாள், பழகிப்போனது போலிருக்கிறது. ரூஃபீனோ மேலே போய் வண்டியைத் திருப்பினான். கீழே எர்மீனியா இடுப்பில் கை வைத்து நின்றாள், சின்னதாகத் தெரிந்தாள். அப்போது நடைபாதையிலிருந்து காசில்தா இறங்கினாள். பாவாடையைச் சரிசெய்துகொண்டு நடந்து போய் எர்மீனியாவின் பக்கத்தில், வண்டியின் வலது முன்சக்கரத்துக்கு நேராக நின்றாள்.

எர்மீனியா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

ரூஃபீனோ கையைக் காட்டினான், தலையை ஆட்டினான், ஹாரன் அடித்தான். காசில்தா அசையவில்லை. அவனுக்கு வேறு வழியில்லை. கியரைப் போட்டான், வண்டி இறங்கத் தொடங்கியது. வேகம் கூடியது, வீடுகள் பின்னால் போயின, காசில்தாவின் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. அவள் கண்ணை மூடவில்லை. அவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மிதித்தான்.

சத்தமே இல்லை. வண்டி முன்பக்கம் லேசாகக் குனிந்து, ஒரு பக்கமும் இழுக்காமல், நேராக நின்றது. கோட்டுக்கு இன்னும் ஒரு முழம் இருந்தது.

எர்மீனியா ஓவராலில் கையைத் துடைத்துக்கொண்டு பட்டறைப் பக்கம் நடந்தாள், அடுத்த வண்டி காத்திருந்தது. ரூஃபீனோவுக்கு இறங்கி வந்து அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் அவனால் இறங்க முடியவில்லை. வலது கால் பெடலின் மேல் அப்படியே நின்றுவிட்டது.

காசில்தா ஜன்னல் பக்கம் வந்தாள். உள்ளே கையை விட்டு அவன் முழங்காலில் தட்டினாள்.

"கால எடு ரூஃபோ. ரெண்டு மணி வண்டிக்கு ஆளுங்க வந்து நின்னுட்டிருப்பாங்க."